ஏப்புழையும் குறிநோக்கியும்

பனைமலையில் இராசசிம்மப் பல்லவன் எடுப்பித்த தாளகிரீசுவரர் கோயிலைக் காணச் செல்லும்போதெல்லாம் அனந்தபுரத்தில் இறங்கித் தேநீர் அருந்துவது நம் வழக்கம். அக்கோயிலின் சிற்றறைச் சுவரில் எஞ்சி நிற்கும் தேவியின் ஓவியத்தைக் காணத்தான் முதன்முதலில் அவ்வழி சென்றோம். இம்முறை சென்றது வேறு காரணத்துக்காக. நம்மிடம் இளங்கலை பயின்ற மாணவர் ஒருவர் அனந்தபுரத்துக்காரர். இராணுவத்தில் சேர்ந்து ஏழெட்டு ஆண்டுகள் ஆகின்றன. விடுமுறையில் ஊர் வந்திருந்தவர், "ஐயா, செஞ்சிக் கோட்டைக்கு என்னோட ஒரு நாள் வாங்களேன்" என்று அழைத்திருந்தார். யாப்பருங்கலத்தில் தேர்ச்சி மதிப்பெண்ணைத் தாண்டாத அம்மாணவர் கோட்டைக்கு அழைக்கிறாரே என்ற வியப்போடு புறப்பட்டோம்.

வழியில்தான் அவர் செய்தியைச் சொன்னார். அவருடைய பிரிவுக்குப் புதிய துப்பாக்கிகள் வந்துள்ளன. அவற்றின்மீது பொருத்தும் குறிநோக்கிகள் சிலவற்றைச் சுட்டுப் பார்த்து, எது ஏற்றது என்று கருத்துச் சொல்வோரில் அவரும் ஒருவர். ஒன்று நான்கு மடங்கு பெருக்கிக் காட்டுவது. இன்னொன்று பன்னிரண்டு மடங்கு. "எல்லாரும் பன்னிரண்டுதான் வேணும்னு சொல்றாங்க. எனக்கு மனசு ஒப்பலை. ஏன்னு சொல்லத் தெரியலை" என்றார். விடுமுறை முடிந்து திரும்பியதும் அவர் தம் கருத்தை எழுதித் தரவேண்டும்.

துப்பாக்கியைப் பற்றித் தமிழாசிரியரிடம் கேட்பானேன் என்று வாசகர் எண்ணக்கூடும். நாமும் அப்படித்தான் எண்ணினோம். ஆனால் தொலைநோக்கியில் ஏமாந்த அனுபவம் நமக்கு நிரம்ப உண்டு. விமானத்தின் மேல்தளச் சிற்பங்களையும் உயரத்துக் கல்வெட்டுகளையும் பார்ப்பதற்காகப் பல ஆண்டுகளுக்கு முன் இருகண் நோக்கி ஒன்று வாங்கினோம். கடைக்காரர் எட்டு மடங்கு ஒன்றையும் இருபது மடங்கு ஒன்றையும் காட்டினார். இருபதைவிட எட்டு சிறியது என்ற கணக்கு மட்டுமே நமக்குத் தெரியும், இருபதை வாங்கினோம். கோயில் வாசலில் நின்று உயர்த்திப் பார்த்தால் கல்வெட்டெழுத்துகள் நீரில் மிதப்பனபோல் ஆடின. கைநடுக்கமும் இருபது மடங்கு பெருகும் என்பதை நாம் நினைத்துப் பார்க்கவில்லை. மாலையானால் படமே இருண்டுவிடும். அடுத்த ஆண்டு எட்டு மடங்கு, நாற்பது மில்லிமீட்டர் வில்லை கொண்ட ஒன்றை வாங்கி, இன்றுவரை அதைத்தான் தோளில் மாட்டித் திரிகிறோம். பழையது பரணில் இருக்கிறது.

நிற்க. செஞ்சியைப் பற்றி நண்பர்கள் பலர் முன்பே விரிவாக எழுதியுள்ளனர். கோனார் காலம், நாயக்கர் காலம், 1649-இல் பீசப்பூர், 1677-இல் சிவாசி, தேசிங்கின் 1714 என்று மீண்டும் வரிசை சொல்லப் போவதில்லை. இராசகிரி, கிருட்டிணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளையும் ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீள மதில் வளைத்துள்ளது. மராட்டியர் படைத்தலங்கள் என்ற வரிசையில் பன்னிரண்டு கோட்டைகளுள் ஒன்றாக 2025 சூலையில் யுனெசுகோ இதனை உலக மரபுச் சின்னமாக ஏற்றது. அப்பன்னிரண்டில் தமிழகத்தில் உள்ளது இது ஒன்றே. நாம் பார்க்க விரும்புவது வேறு. இக்கோட்டையில் நின்றவன் எவ்வளவு தூரத்தை, எதன் வழியாகப் பார்த்தான்?

பழந்தமிழில் ஏப்புழை என்றொரு சொல் உண்டு. ஏ என்பது அம்பு. புழை என்பது துளை. மதிலின் மேல் பற்களைப்போல் எழுந்து நிற்கும் உறுப்பு ஞாயில். அதன் மறைவில் நின்று அம்பு எய்வதற்கு அமைத்த துளை ஏப்புழை. கோட்டையைக் காப்பது நொச்சி, வளைப்பது உழிஞை என்று நாம் வகுப்பில் சொல்லிக்கொடுக்கிறோம். தொல்காப்பியர் இரண்டையும் உழிஞைக்குள்ளேயே அடக்கிவிட்டார். நொச்சியைத் தனித் திணையாகப் பிரித்தது பிற்கால இலக்கணம். ஒரே மதிலின் இரு பக்கங்கள்தாமே என்று தொல்காப்பியர் எண்ணியிருக்கலாம். மதுரை மதில்மேல் இருந்த பொறிகளைச் சிலப்பதிகாரத்தின் அடைக்கலக் காதை அடுக்கிச் செல்வதை வாசகர் அறிவர். அம்பு போய்த் துப்பாக்கி வந்தபோது ஏப்புழை சுடுதுளை ஆயிற்று.

இத்துளையை ஒரு கருவியாக நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. கோட்டைகளின் சுடுதுளைகள் பொதுவாக உட்புறம் அகன்றும் வெளிப்புறம் குறுகியும் இருக்கும். உள்ளே நிற்பவன் துப்பாக்கியை இடமும் வலமும் திருப்பலாம். வெளியே நிற்பவனுக்கு ஒரு கீற்றுத்தான் தெரியும். துளையின் சரிவு எவ்வளவு கீழே பார்க்கலாம் என்பதை முடிவு செய்கிறது. அகலம் எவ்வளவு பக்கவாட்டில் பார்க்கலாம் என்பதை முடிவு செய்கிறது. ஆக, எதைப் பார்க்கவேண்டும், எந்தத் தொலைவில் பார்க்கவேண்டும் என்னும் தேர்வைச் சுடுபவன் செய்யவில்லை. அவனுக்கு முன்பே கொத்தனார் செய்துவிட்டார்.

ஏனெனில் அக்காலத் துப்பாக்கியின் தலைவிதி அப்படி. 17 ஆம் நூற்றாண்டின் இறுதியில் செஞ்சியைச் சூழ்ந்த படைகளிடமும் காத்த படைகளிடமும் பெரும்பாலும் இருந்தது திரித் துப்பாக்கி. நெருப்புப் பற்றிய திரியை விசை இழுத்து, கிண்ணியிலுள்ள மருந்தில் வைக்கும். குழலின் முனையில் சிறு முளை ஒன்று முன்குறியாக இருக்கும். சில துப்பாக்கிகளில் அதைப் புலித்தலையாகவும் மனிதத் தலையாகவும் வடித்திருப்பார்கள். பின்புறம் அகன்ற தகடு ஒன்று பின்குறியாக நிற்கும். கண், பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய நான்கும் ஒரு கோட்டில் வரவேண்டும். ஆனால் புரியில்லாத குழலிலிருந்து உருண்டைக் குண்டு வெளியேறும்போது எப்பக்கம் சுழலும் என்று அதற்கே தெரியாது. 100 மீட்டருக்கு அப்பால் ஒருவனைக் குறிபார்ப்பதும் வேண்டுதல் செய்வதும் ஏறக்குறைய ஒன்றே. இத்தகைய துப்பாக்கியின்மேல் எவ்வளவு சிறந்த கண்ணாடியை வைத்தாலும் பயனில்லை. குண்டு போய்ச் சேராத இடத்தைக் கண்மட்டும் போய்ச் சேர்ந்து என்ன செய்வது?

இராசகிரியின் உச்சிக்குச் செல்வோர் கடக்கவேண்டிய பாறைப்பிளவு ஒன்று உண்டு. அகலம் சுமார் 24 அடி, ஆழம் சுமார் 60 அடி. இப்போது நிலையான பாலம் இருக்கிறது; அன்று எடுத்துவிடக்கூடிய மரப்பாலம். பாலத்தை எடுத்துவிட்டு இப்பக்கம் ஒருசில பேர் துப்பாக்கியோடு நின்றால் அப்பக்கம் ஒரு பெரும்படையே நின்றுவிடும். 24 அடியில் முன்குறியும் வேண்டாம், பின்குறியும் வேண்டாம். நம் மாணவர் பாலத்தின் நடுவில் நின்று கீழே எட்டிப் பார்த்துவிட்டு, "இங்க நிக்கிறவனுக்கு எந்தக் கண்ணாடியும் வேணாங்கையா" என்றார். கோட்டை கட்டியவர்கள் தம் துப்பாக்கியின் குறையை நன்கறிந்தவர்கள். துப்பாக்கியால் தூரத்துக்குப் போக முடியவில்லை. ஆகவே தூரத்தை வளைத்துத் துப்பாக்கியின் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

உச்சியிலோ நிலைமை நேர்மாறு. சுற்றுவட்டாரம் முழுதும் காலடியில் விரிகிறது. இராசகிரியின் உயரம் ஏறத்தாழ 240 மீட்டர். 1690-இல் சுல்பிகர் கானின் முகலாயப் படை வந்து சூழ்ந்தபோது உள்ளேயிருந்த இராசாராமின் காவலர் இங்கிருந்து பார்த்திருப்பார்கள். இரண்டு கிலோமீட்டருக்கு அப்பால் நிற்கும் மனிதன் ஒரு பாகையின் அறுபதில் மூன்று பங்களவே கண்ணுக்குத் தெரிவான். நல்ல கண்ணால் பிரித்தறியக்கூடிய எல்லை ஏறத்தாழ அறுபதில் ஒரு பங்கு. அதாவது, அவன் ஒரு புள்ளி. அவனிடம் கை இருக்கிறதா, கையில் துப்பாக்கி இருக்கிறதா என்பது தெரியாது. புள்ளிகள் கூடுகின்றனவா கலைகின்றனவா என்பது தெரியும். கோட்டைக் காவலுக்கு அதுவே போதும்.

அம்முற்றுகை 1698 வரை இழுத்தது. இடையே சந்தாசியும் தனாசியும் வெளியிலிருந்து வந்து தாக்க, முகலாயர் வந்தவாசிக்குப் பின்வாங்கினர். ஔரங்கசீப்பின் மகன் காம்பக்சு எதிரியோடு பேச்சு நடத்துகிறார் என்ற ஐயத்தில் சொந்தப் படையாலேயே சிறைவைக்கப்பட்டார். கடைசியில் கோட்டை வீழ்ந்தபோது இராசாராம் தப்பிச் சென்றிருந்தார். குறிபார்த்துச் சுட்ட ஒரு குண்டும் அந்த எட்டாண்டுக் கதையின் போக்கை மாற்றியதாகத் தெரியவில்லை.

கோட்டையின் கண் பொய்த்தது அரை நூற்றாண்டு கழித்து. 1750 செப்டம்பரில் முகம்மது அலியின் படை தோற்று, எஞ்சியோர் செஞ்சிக்குள் புகுந்திருந்தனர். பிரெஞ்சுத் தளபதி புசி அவர்களைத் துரத்திக்கொண்டு வந்து, வாயிற்கதவை வெடிவைத்துப் பிளந்து கீழ்க்கோட்டைக்குள் நுழைந்தார். மூன்று குன்றுகளிலிருந்தும் குண்டுகள் பொழிந்தன. புசி மேலே ஏறவில்லை, இரவுக்காகக் காத்திருந்தார். இருட்டியபின் மூன்று குன்றுகளிலும் ஒரே நேரத்தில் ஏறச் சொன்னார். விடிவதற்குள் மூன்றும் பிரெஞ்சுக்காரர் கையில். பகல் வெளிச்சத்தில் தாம் ஏறிவந்த செங்குத்தைக் கண்டு வென்றவர்களே திகைத்துப் போனார்கள் என்று இராபர்ட் ஓர்ம் தம் வரலாற்றில் எழுதுகிறார். சுல்பிகர் கானுக்கு எட்டு ஆண்டுகள், புசிக்கு ஓர் இரவு. இரண்டு முற்றுகைகளுக்கும் நடுவே பீரங்கியிலும் பயிற்சியிலும் வேறுபாடுகள் உண்டு என்பதை மறுக்கவில்லை. ஆயினும், பகலில் காதங்கள் பார்க்கும் கோட்டைக்கு இரவில் பத்தடி தெரியவில்லை என்பதே அன்று முடிவு செய்த காரணம் என்று நமக்குப் படுகிறது.

இனித் தொலைநோக்கிக்கு வருவோம். கலிலியோ 1609-இல் வானத்தை நோக்கித் திருப்பிய கருவியில் முன்னே குவிவில்லை, கண்ணருகே குழிவில்லை. பெருக்கிக் காட்டும், ஆனால் அதனுள் எங்கும் படம் குவிந்து விழுவதில்லை. கெப்ளர் 1611-இல் சொன்ன அமைப்பில் இரண்டுமே குவிவில்லைகள். படம் தலைகீழாகும், ஆனால் குழலுக்குள்ளேயே ஓரிடத்தில் குவிந்து விழும். அந்த இடத்தில் எதை வைத்தாலும் அது தூரத்துக் காட்சியோடு ஒட்டிக் கூர்மையாகத் தெரியும். இதை மனிதனுக்குக் காட்டிக்கொடுத்தது ஒரு சிலந்தி. இங்கிலாந்தின் யார்க்சயரில் வாழ்ந்த வில்லியம் காசுகாயின் என்னும் இளைஞர் 1640-ஐ ஒட்டி, தம் கருவிக்குள் சிலந்தி இழைத்த நூல், பார்க்கும் பொருளின்மீதே வரைந்த கோடுபோல் தெரிவதைக் கண்டார். குறுக்கிழை பிறந்தது. அவர் அதைக் கொண்டு கோள்களின் விட்டத்தை அளந்தார். 1644-இல் மார்சுடன் மூர் என்னும் உள்நாட்டுப் போர்க்களத்தில் மாண்டார். அதன்பின் நெடுங்காலம் கருவி செய்வோர் உண்மையான சிலந்தி நூலையே எடுத்து வில்லைகளுக்கு நடுவே ஒட்டினார்கள்.

தமிழ்நாட்டில் அந்தக் குறுக்கிழை முதலில் மனிதர்களைக் குறிவைக்கவில்லை, கோபுரங்களைக் குறிவைத்தது. 1802 ஏப்ரலில் வில்லியம் லாம்டன் பரங்கிமலைக்கு அருகே அடிக்கோடு அளந்து பெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். அரை டன் எடையுள்ள அவருடைய கோணமானியின் தொலைநோக்கிக்குச் சமவெளியில் உயரமான இடம் வேண்டியிருந்தது. கோயில் விமானங்களும் கோபுரங்களும்தான் கிடைத்தன. 1808-இல் தஞ்சைப் பெரிய கோயிலின் மேலே ஏற்றும்போது கயிறு அறுந்து கருவி சுவரில் மோதியது. வளைந்துபோன வட்டத்தைத் தட்டி நிமிர்த்தப் பல வாரங்கள் ஆயின. விமானத்துச் சிற்பங்களுக்கு என்ன ஆயிற்று என்பதே நம் முதல் கவலை. அது வேறு கட்டுரை.

குறுக்கிழையைத் துப்பாக்கியின்மேல் ஏற்றிய தொடக்கத்தவருள் ஒருவர் இந்தியாவில் பணிபுரிந்தவர் என்பதுதான் நம் கதைக்கு வேண்டியது. பம்பாய்ப் படையில் இருந்த டேவிட் டேவிட்சன், வேட்டைத் துப்பாக்கியின்மீது சிறு தொலைநோக்கியைப் பொருத்திப் பார்த்தவர். வெட்டவெளியில் மேயும் மான் மனிதனை நெருங்க விடாது. புரிகுழல் துப்பாக்கியின் குண்டு நேராகப் போகத் தொடங்கியிருந்தது; ஆனால் குண்டு போகும் தூரத்தில் மானின் உடல் முன்குறியின் பின்னே மறைந்துபோயிற்று. முன்குறியை மெல்லியதாக்கலாம், கண்ணை என்ன செய்வது? வெறும் கண்ணுக்குப் பின்குறி, முன்குறி, இலக்கு மூன்றையும் ஒரே நேரத்தில் கூர்மையாகப் பார்க்க முடியாது. நாற்பதைக் கடந்தவர்க்கு இது நன்றாகவே தெரியும். தொலைநோக்கியில் குறுக்கிழையும் இலக்கும் ஒரே தளத்தில் விழுகின்றன. பெருக்கிக் காட்டுவதைவிட இந்த ஒருமையே குறிநோக்கியின் பெரிய உதவி என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறோம்.

நாடு திரும்பிய டேவிட்சன் 1862-இல் தம் அமைப்புக்குக் காப்புரிமை பெற்றார். விட்வொர்த்து என்னும் அறுகோணக் குழல் துப்பாக்கிகள் சிலவற்றின் இடப்பக்கத்தில் அவருடைய குறிநோக்கி பொருத்தப்பட்டு, அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்னவர் படையின் குறிவல்லாரிடம் சென்றது. துப்பாக்கி பின்னுதைக்கும்போது குழல் கண்ணில் இடித்து, சுடுபவர் பலர் கன்றிய கண்ணோடு திரிந்தனராம். பின்னாளில் குறிநோக்கி வாங்குவோர் முதலில் கேட்கும் கேள்வி, கண்ணை எவ்வளவு தள்ளி வைத்துப் பார்க்கலாம் என்பதாக ஆனதற்கு இந்தக் கன்றிய கண்களே காரணம். பிரித்தானியப் படையோ விட்வொர்த்தையே விலை அதிகம் என்று ஒதுக்கிவிட்டது.

சிந்துவின் பாலைவெளியில் சான் சேக்கப் இன்னொரு வழியில் போனார். தம் பெயரிலேயே சேக்கபாபாத் என்று ஊர் அமைத்தவர். அங்கே தம் சொந்தச் செலவில் பல ஆண்டுகள் சுட்டுச் சுட்டுப் பார்த்தார். அவருடைய இரட்டைக்குழல் துப்பாக்கியில் கண்ணாடி இல்லை. மடித்து நிமிர்த்தும் நெடிய தகடு ஒன்று, அதில் 2000 கசம் வரை தொலைவுக் கோடுகள். பாலையில் 2000 கசம் தெரியும். செஞ்சியின் பாறைக்குவியலில் 200 கசம் தெரிந்தால் அரிது. சேக்கபின் தகட்டை இங்கே கொண்டுவந்தால் அது வெறும் இரும்பு. ஆக, ஒருவர் மானின் வெளியிலிருந்தும் இன்னொருவர் மணலின் வெளியிலிருந்தும் தத்தம் குறியைத் தேர்ந்தார்கள். கடைச் சாளரத்திலிருந்து தேரவில்லை.

இராசகிரி உச்சியில், பீரங்கிக்கு அருகே, மாணவர் நம் எட்டு மடங்கு நோக்கியை வாங்கிக் கீழே பார்த்துக்கொண்டிருந்தார். அங்கேதான் கணக்குப் போட்டோம். வில்லையின் விட்டத்தைப் பெருக்கத்தால் வகுத்தால் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் அகலம் கிடைக்கும். 32 மில்லிமீட்டர் வில்லையும் நான்கு மடங்கும் என்றால் 8 மில்லிமீட்டர். இருட்டில் இளைஞனின் கண்மணி 7 மில்லிமீட்டர்வரை விரியும். அவன் கண் நிரம்ப ஒளி கிடைக்கும். 40 மில்லிமீட்டரும் பன்னிரண்டு மடங்கும் என்றால் 3.3 மட்டுமே, உச்சிவெயிலில் குறையில்லை, அந்திக்குப்பின் திண்டாட்டம். நான்கு மடங்கில் 100 மீட்டர் தொலைவில் சுமார் 12 மீட்டர் அகலக் காட்சி தெரியும். பன்னிரண்டில் ஏறத்தாழ 3 மீட்டர். பாறைக்குப் பின்னிருந்து ஓடி அடுத்த பாறைக்குப் பின் மறைபவனை அந்த மூன்று மீட்டருக்குள் தேடிப் பிடிப்பது ஊசித்துளை வழியே தேர்த்திருவிழா பார்ப்பது போன்றது. தவிர, வெயிலில் காய்ந்த பாறையின்மேல் காற்று நடுங்குமே, அந்தக் கானலையும் பன்னிரண்டு மடங்கு பெருக்கித்தானே அக்கருவி காட்டும்.

"எவ்வளவு தூரத்தில் சுடவேண்டி வரும்?" என்று கேட்டோம். "பெரும்பாலும் முந்நூறுக்குள்ள. எப்பவாவது ஐந்நூறு" என்றார். 300 மீட்டரில் நிற்பவன் நான்கு மடங்கில் 75 மீட்டரில் நிற்பவன்போல் தெரிவான். எங்கே நிற்கிறோம் என்பதும் கணக்கில் சேரும் என்று அவரே சொன்னார். இவ்வுச்சியின் 240 மீட்டர் உயரத்திலிருந்து கீழே 400 மீட்டர் சாய்தொலைவில் உள்ள இலக்குக்குக் கிடைத்தொலைவு 320 மீட்டரே. குண்டை நிலம் இழுப்பது கிடைத்தொலைவுக்கு ஏற்ப; 400 என்று வைத்துக் குறிபார்த்தால் குண்டு குறித்த இடத்துக்கு மேலே போய்விடும். மலைமேல் காவல் நிற்பவர்கள் இதை நெஞ்சில் எழுதி வைத்திருக்கிறார்களாம். செஞ்சிக் காவலனுக்கு இந்தத் தொல்லை இருந்திருக்காது. கீழே சரிந்த துளையைப் படைத்த கொத்தனார் இதையும் பார்த்துக்கொண்டிருப்பார்.

பிறகு சற்று நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அவர் கேட்டதை அப்படியே எழுதுகிறோம். "எழுபத்தஞ்சு மீட்டர்னா மூஞ்சி தெரியுமே ஐயா?" தெரியும் என்றோம். "பன்னிரண்டுல இன்னும் நல்லாத் தெரியும். கண்ணு இமைக்கிறது தெரியும். நான் பார்த்திருக்கேன்" என்றார். நல்லதுதானே, ஆடு மேய்ப்பவனா ஆயுதம் ஏந்தியவனா என்று பிரித்தறிய அது உதவுமே என்றோம். "அதுக்கு உதவும். அதுக்குத் தனியா ஒரு தொலைநோக்கி பக்கத்துல இருக்கிறவன் கையில இருக்கணும். சுடுறவன் கையில இருக்கக்கூடாது" என்றார். இதற்கு நம்மிடம் விடையில்லை. ஏப்புழைக்குப் பின்னால் நின்றவன் புள்ளியைத்தான் சுட்டான். அவனுக்கும் இவருக்கும் இடையில் முந்நூறு ஆண்டுக் கண்ணாடி வந்து நின்று புள்ளிக்கு முகம் கொடுத்துவிட்டது.

துப்பாக்கி முன்னே வருவதும் கண் பின்னே வருவதும் இந்நாட்டில் பழைய வழக்கம்போலும். திருச்சியில் துப்பாக்கித் தொழிற்சாலை 1966 முதல் இயங்குகிறது; படைக்கருவித் தொழிற்சாலைகளை 2021 அக்டோபர் 1-இல் ஏழு நிறுவனங்களாகப் பிரித்தபோது திருச்சி கான்பூரைத் தலைமையாகக் கொண்ட ஆயுத நிறுவனத்துக்குப் போயிற்று; ஒளியியல் கருவிகளுக்குத் தேராதூனில் வேறு நிறுவனம். குழல் ஓரிடம், கண் ஓரிடம். 7.62 மில்லிமீட்டர் சிக் 716 துப்பாக்கிகள் 72,400 வாங்க 2019 பிப்ரவரியில் ஒப்பந்தமாயிற்று; 2024-இல் மேலும் 73,000. அவற்றுக்கான இரவுக் குறிநோக்கிகளை உள்நாட்டு நிறுவனங்களிடம் வாங்க 659.47 கோடி ரூபாய் ஒப்பந்தம் கையெழுத்தானது 2025 அக்டோபரில். விண்மீன் ஒளியிலேயே 500 மீட்டர்வரை குறிபார்க்க உதவும் என்பது அரசின் அறிவிப்பு. கண்ணுக்குத் தெரியாத அளவு சிற்றொளியை மின்னணுக்களாக மாற்றிப் பல்லாயிரம் மடங்கு பெருக்கி மீண்டும் ஒளியாக்குவது இதன் வேலைமுறை. உடல்வெப்பத்தைக் காட்டும் கருவி வேறுவகை. அதைச் செஞ்சிக்குக் கொண்டுவந்தால் பகலெல்லாம் காய்ந்த இப்பாறைகள் முன்னிரவில் ஒவ்வொன்றும் ஆளைப்போல் ஒளிரும் என்று மாணவர் சிரித்தார்.

புசியின் படை ஏறிய இரவில் மதில்மேல் நின்ற காவலனிடம் இக்கருவி ஒன்றே ஒன்று இருந்திருந்தால் என்று எண்ணிப் பார்த்தோம். கீழேயிருந்து ஏறியவர்களிடமும் ஒன்று இருந்திருக்கும் என்றார் அவர். தொல்காப்பியர் உழிஞைக்குள் நொச்சியை அடக்கியதை அப்போதுதான் அவருக்கு மீண்டும் ஒருமுறை விளக்கினோம். இம்முறை கேட்டுக்கொண்டார்.

மாலையில் அனந்தபுரம் திரும்பினோம். வீட்டுத் திண்ணையில் அமர்ந்து ஒரு தாளில் தம் கருத்தை எழுதினார். எழுத்துப்பிழை பார்த்துத் தரும்படி நம்மிடம் நீட்டினார். நான்கு மடங்கு, 32 மில்லிமீட்டர், கண்ணுக்கும் கருவிக்கும் இடையே கையளவு இடைவெளி, முந்நூறு மீட்டருக்குச் சீரமைத்தல். இரவுக்கு வேறு கருவி தனியே வேண்டும். கூர்ந்து பார்ப்பதற்கு இருவர்க்கு ஒன்றாகப் பெரிய தொலைநோக்கி, சுடாதவர் கையில். ஒற்றுப்பிழை இரண்டு இருந்தன, திருத்திக் கொடுத்தோம்.